வலது கைக்கு மூன்று கையுறைகள்

அக்டோபர் 6, திங்கள்

இல்லை, விற்கலாம் என்று சொன்னது நான்தான். அம்மா அல்ல. "அந்தப் பை அங்கயே இருந்துட்டுப் போகட்டுமேடி" என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் அப்பாவின் கட்டிலில் இருந்து நேராகத் தெரிவது அந்த ஒரு சுவர்தான். டிவி மாட்டுவதென்றால் அங்கேதான் மாட்ட வேண்டும். அங்கே இப்போது சாய்ந்திருப்பது கோல்ஃப் பை.

டிவி எதற்கென்றால், அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு போயின. பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "சரி." பசிக்கிறதா? சரி. வலிக்கிறதா? சரி. ஜன்னலைச் சாத்தவா? சரி.

விழுங்குவதில் கோளாறு இல்லை என்கிறார் டாக்டர். "மனசுதான்மா. எப்படியாவது சாப்பிட வைங்க. மாசக் கடைசிக்குள்ள எடை ஏறலன்னா மூக்கு வழியா டியூப் போட வேண்டியதுதான்." அறுபத்து மூன்று கிலோ இருந்தவர். இன்று ஐம்பத்தொன்று.

அம்மா ஊட்டுகிறாள். மூன்றாவது வாய்க்கு உதடுகள் மூடிக்கொள்கின்றன. அதன் பிறகு திறப்பதில்லை.

குழந்தைகளுக்கு டிவி காட்டி ஊட்டுவார்கள். யோசனை அவ்வளவுதான். பழைய டிவி ஜூலை மழையில் ஒரு இடியோடு போய்விட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி ஹைதராபாத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் பாக்கி. அப்பா சாப்பிட ஆரம்பித்துவிட்டால் நான் கிளம்பலாம்.

இந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது.

அக்டோபர் 7, செவ்வாய்

பையைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். இரும்புத் தலை மட்டைகள் ஒன்பது. மரத்தலை மூன்று. குழிக்குள் பந்தைத் தள்ளுவதற்கு ஒன்று. பழைய பல் துலக்கியும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்தேன். இரும்பின் கோடுகளுக்குள் காய்ந்த புல் இருந்தது. குச்சியால் குத்தி எடுத்தேன்.

அப்பா இங்கே குன்னூரில் கிளப் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தர். திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை. அன்று மட்டும் ஊழியர்கள் மைதானத்தில் ஆடிக்கொள்ளலாம். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு கர்னல் இந்தச் செட்டை அப்பாவுக்குக் கொடுத்தார். வேறு எத்தனையோ பேர் கேட்டும் அப்பாவுக்குத்தான் கொடுத்தாராம். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. "திங்கக்கிழமைக் கிறுக்கு" என்பாள் அம்மா. ஒரு திங்கட்கிழமைகூட நான் போய்ப் பார்த்ததில்லை.

பக்கப் பையில் பந்துகள், ஒரு பென்சில் துண்டு, மூன்று கையுறைகள். மூன்றும் வலது கைக்கானவை. இடதுகள் தொலைந்துவிட்டன போலிருக்கிறது. விளம்பரத்தில் கையுறைகளைச் சேர்க்கவில்லை.

படம் எடுத்துப் போட்டேன். "நல்ல நிலையில் உள்ள கோல்ஃப் செட். ஒருவரே பயன்படுத்தியது."

அக்டோபர் 8, புதன்

50.6. எடை பார்ப்பது இப்படி: அப்பாவை அணைத்தபடி நானும் மெஷினில் ஏறுகிறேன். பிறகு நான் மட்டும் ஏறுகிறேன். என்னைக் கழித்தால் அப்பா.

மதியம் ரசம் சாதம். அப்பாவின் இடது கை தட்டுக்கு வந்தது. அம்மா அதை எடுத்து அவர் மடியில் வைத்தாள். மறுபடி வந்தது. மறுபடி வைத்தாள். இரண்டு வாய்.

அக்டோபர் 9, வியாழன்

எதிர்வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் டிவி கடைக்குப் போனோம். தீபாவளித் தள்ளுபடிக்காக வாசலில் பலூன் வளைவு. கடைக்காரர் சலாவுதீனுக்கு அப்பாவைத் தெரியும்.

"சாருக்கா? அப்ப ஐம்பத்தஞ்சு இஞ்ச் எடுங்க. கிரிக்கெட் பந்து மடியில வந்து விழும்."

"அவர் இருக்குற நிலைமைக்கு மடியில எதுவும் விழ வேண்டாம்ப்பா" என்றாள் அம்மா.

சலாவுதீன் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

கட்டிலுக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று கேட்டார். ஒன்பது என்றேன். நாற்பத்து மூன்று போதும் என்றார். சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே ஆமை. ஒன்றில் ஆமை பச்சை, ஒன்றில் நீலம். எது உண்மையான ஆமை என்று கேட்கத் தோன்றியது. அம்மா சமையல் நிகழ்ச்சி வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு டிவியிலும் சாம்பாரின் நிறத்தைப் பார்த்தாள். கடைசியில் ஒன்றின் முன் நின்றாள்.

"இதுதான் நம்ம வீட்டு சாம்பார் மாதிரி இருக்கு. இதைப் பாத்தா அவருக்குப் பசிக்கும்."

நான் திரைக்கோணம், ஒலி என்று இரண்டு நாள் படித்து வைத்திருந்தேன். அம்மா சொன்னதையே எடுத்தோம். வரும் வியாழன் கொண்டுவந்து மாட்டுவார்கள்.

அக்டோபர் 11, சனி

"அப்பா, கோல்ஃப் செட்டை வித்துடலாமா?"

"சரி."

"விக்க வேண்டாமா?" என்றும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் வந்தார். வழக்கம்போல, "நல்ல கையால என்னவெல்லாம் முடியுமோ அவரையே செய்ய விடுங்கம்மா" என்றார். அம்மா, "சரிங்க சார்" என்றாள். சீப்பை அப்பாவின் இடது கையில் கொடுத்தாள். அவர் தலை வாரிக்கொண்டார். வகிடு நேராக வந்தது.

வலது கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைவு, மூடி வையுங்கள் என்றார். துண்டைச் சுற்றினோம். நழுவி விழுகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் வந்தார். பனியன் கம்பெனி வைத்திருக்கிறாராம். மலைப்பாதை நெரிசலில் மூன்று மணி நேரம். வந்த வேகத்தில் ஒரு மட்டையை உருவி முற்றத்தில் நின்றார். இரண்டு கையாலும் பிடித்தார். கீழே பார்த்தார். திருப்பிப் பிடித்தார். மறுபடி பார்த்தார்.

"ஏனுங், இது பீச்சாங்கைச் செட்டுங்."

"இல்லையே."

"என்ன இல்லையே? பந்துல படற மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குது பாருங். இதை வெச்சு நான் அடிச்சா பந்து என்ற முட்டியிலதான் படும்."

"எங்கப்பா வலது கைக்காரர். எல்லாமே வலது கைதான்."

"அப்ப உங்கப்பா இத்தனை நாள் யாரோட மட்டையில ஆடுனாருங்?"

பக்கப் பையைத் திறந்து கையுறைகளை எடுத்துக் காட்டினார். ஒற்றைக் கையுறைதான் போடுவார்களாம். வலது கைக்காரர்கள் இடது கையில். இடது கைக்காரர்கள் வலது கையில்.

"விளம்பரத்துலயே எழுதியிருந்தா எனக்கு டீசல் மிச்சமுங்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் போனார்.

அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது கையால் முப்பத்தொரு வருடம் கிளப் பதிவேடுகளை எழுதியவர். என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதித் தந்தவர். அச்சு மாதிரி எழுத்து. யாரோ கொடுத்த தவறான செட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு வருடம் மோசமாக ஆடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எளிதாக இருந்தது.

கையுறைகளின் உள்ளங்கை தேய்ந்து பளபளக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

அம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"ஆமா" என்றாள். உப்புப் போட்டாள்.

"ஆமான்னா?"

"பொறக்கும்போதே பீச்சாங்கைதான். அவங்கப்பா விடல. சாப்பாட்டு நேரத்துல இடது கையை அரைஞாண் கயித்தோட சேத்துக் கட்டிடுவாராம். ஏழு வயசு வரைக்கும். எழுதுறப்பவும் அப்படித்தான். கல்யாணமான புதுசுல ஒரு தடவ சொன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். நானும் சிரிச்சேன்."

"கோல்ஃப்?"

"அது வீட்டுக்கு வெளியதானே."

கரண்டியால் மாவை அடித்துக் கலக்கினாள்.

"அப்ப இப்ப அந்தக் கையால சாப்பிடட்டுமேம்மா. தட்டுக்கு வருதே."

"வரும்."

"ஏன் தள்ளுற?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவ. உனக்கு ரெண்டு கையும் ஒண்ணு. காலையில எல்லாம் முடிஞ்சப்பறம் அந்தக் கையைக் கழுவி விடுறவ நான். எதைக் கழுவுறேன்னு எனக்குத் தெரியும். அதே கையை அவர் வாயில வைக்கச் சொல்றியா? இத்தனை வருஷம் சுத்தமா சாப்பிட்ட மனுஷன். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவர் ஏன் அப்படிச் சாப்பிடணும்?"

"டியூப் போட்டா?"

"டிவி வரட்டும்" என்றாள்.

அக்டோபர் 15, புதன்

விளம்பரத்தைத் திருத்தினேன். "இடது கை ஆட்டக்காரர்களுக்கான செட்."

இன்னொன்றையும் எழுத வேண்டும். போன வாரம் அம்மா கோயிலுக்குப் போன அன்று நான் ஊட்டினேன். கை வந்தது. அம்மா செய்வதையே நானும் செய்தேன். யோசிக்கவில்லை. அந்தக் கை எவ்வளவு லேசாக எடுக்க வந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அது எதிர்க்கவே இல்லை. ஏழு வயதிலேயே பழகியிருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

டிவி வந்தது. சுவரில் நான்கு துளைகள். பை கூடத்துக்குப் போனது.

இரவுச் சாப்பாடு டிவி முன்னால். அதே சமையல் நிகழ்ச்சி. அம்மா, "அங்க பாருங்க, வெண்டைக்காய். ஆ காட்டுங்க" என்றாள். ஏழு வாய்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. என் பார்வையிலும்தான். ஹைதராபாத்தில் அறைத்தோழிக்கு, இரண்டாம் தேதி வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஐந்து வாய்.

அக்டோபர் 18, சனி

மூன்று. 50.1.

டிவியில் எங்கேயோ வெளிநாட்டில் கோல்ஃப் நடந்தது. வைத்துவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். அப்பா இரண்டு பேர் அடிக்கும்வரை பார்த்தார். பிறகு ரிமோட்டை இடது கையால் எடுத்து அணைத்தார். கறுப்புத் திரையில் கட்டில் தெரிந்தது. கட்டிலில் அவர், பக்கத்தில் கிண்ணத்துடன் அம்மா, வாசலில் நான். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரிமோட்டை அந்தக் கையில் எடுப்பதில் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டு வெடிக்கு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதிரசம் தொடவில்லை.

அக்டோபர் 22, புதன்

அம்மா இல்லாத நேரம் பார்த்து ஒரு கரண்டியை அப்பாவின் இடது கையில் வைத்தேன். கிண்ணத்தில் கஞ்சி. அவர் கரண்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்படியானால் என் அனுமதியோடு முடிகிற விஷயம் இல்லை இது.

அக்டோபர் 23, வியாழன்

49.7.

ஒரு பெண் அழைத்தார். பெயர் எஸ்தர் கனகமணி. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. "உண்மையாவே இடது கைச் செட்டா? ஏமாத்த மாட்டீங்களே? ரெண்டு வருஷமா தேடுறேன்." சனிக்கிழமை வருகிறாராம்.

அக்டோபர் 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். விடிவதற்கு முன் கிளம்பியிருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டைமுடி, கழுத்தில் விசில். கழற்ற மறந்துவிட்டேன் என்றார். கூடத்தில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். எஸ்தர் பையைத் தொடவில்லை. முதலில் அப்பாவிடம் போய்க் குனிந்தார்.

"சார், இது உங்களோடதா? நான் எடுத்துக்கலாமா?"

"சரி" என்றார் அப்பா.

"அவர் எதுக்கும் சரின்னுதான் சொல்வார்" என்றேன். "அதை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது."

எஸ்தர் யோசித்தார். பையிலிருந்து ஒரு இரும்பு மட்டையை உருவினார். அப்பாவின் இடது கைக்கு நேராக நீட்டினார். அப்பா வாங்கினார். விரல்கள் பிடியில் தாமாகவே ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. மட்டையின் தலையைத் தரையில் ஊன்றினார். சிறிது இழுத்து, சிறிது தள்ளினார். சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம். என் அப்பா கோல்ஃப் ஆடி நான் பார்த்தது அவ்வளவுதான்.

பிறகு மட்டையைத் திருப்பினார். தலைப்பக்கம் தன்னிடம், பிடி எஸ்தரிடம். நீட்டினார்.

எஸ்தர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இப்ப சரி சார்" என்றார்.

நான் கேட்டபோது இப்படி ஒரு பதில் அவரிடம் இருந்திருக்கலாம். நான் கையிடம் கேட்கவில்லை.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "டீச்சர், தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. ரெண்டு இட்லி சாப்பிட்டுத்தான் போகணும்."

"ரெண்டுன்னா நான் கையே நனைக்கிறதில்லம்மா. நாலுன்னா உக்காருறேன்."

அம்மா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

எஸ்தர் கை கழுவிவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மா இட்லியும் சட்னியும் வைத்தாள். எஸ்தர் இடது கையால் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

"பாத்துட்டீங்களா?" என்றார் எஸ்தர். "எனக்கு இதுதாம்மா சோத்துக்கை. எங்க மாமியார் வீட்டுல மூணு வருஷம் என்னைத் தனியா உக்கார வச்சாங்க. அப்புறம் என் மீன் குழம்புக்கு மயங்கிப் பந்தியில சேத்துக்கிட்டாங்க. ஒரு மாதிரியா இருந்தா சொல்லுங்க, தட்டை எடுத்துக்கிட்டு வாசப்பக்கம் போயிடுறேன்."

"அய்யய்யோ, என்ன டீச்சர் இது! நல்லாச் சாப்பிடுங்க. இன்னும் கொஞ்சம் சட்னி போடவா?" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்தவரிடம் அவள் வேறெதுவும் சொல்ல மாட்டாள். சொல்ல அவளுக்குத் தெரியாது.

அப்பா எஸ்தரின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது தட்டுக்குப் போவதையும் வாய்க்குப் போவதையும்.

அம்மா அப்பாவின் தட்டையும் கொண்டுவந்தாள். ஊட்டுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் இடது கை வந்தது. தட்டின் விளிம்பில் நின்றது.

அம்மாவின் கை அதை எடுக்கப் போனது. பாதி வழியில் நின்றது. எதிரே எஸ்தர் அதே கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது அப்பாவின் கையைத் தள்ளினால் அது யாரைத் தள்ளியதாகும் என்று அவள் நினைத்திருக்கலாம். வெறும் மரியாதையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

அம்மா தன் கையை இழுத்துக்கொண்டாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அப்பா இட்லியைப் பிட்டார். கட்டை விரல், இரண்டு விரல். சிந்தவில்லை. மென்றார். மறுபடி பிட்டார்.

அம்மா தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனாள். தண்ணீர்ச் சொம்பு மேஜைமேல்தான் இருந்தது.

இரண்டரை இட்லி.

எஸ்தர் பையைக் காரில் ஏற்றினார். கையுறைகளை நீட்டினேன். "எனக்குப் பெருசா இருக்கும், நீங்களே வச்சுக்கங்க" என்று விசிலை ஆட்டியபடி கிளம்பினார். எங்கள் வீட்டில் அவர் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்று அம்மா அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் அம்மா அப்பாவின் இடது கை நகங்களை வெட்டினாள். ஒவ்வொரு விரலாக. பிறகு சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். மூன்றாவது முறையும் கழுவினாள். பிறகு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நான் அடுப்படியில் இருந்துகொண்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

50.4. அப்பா டிவியில் செய்தி பார்க்கிறார். சாப்பிடும் நேரத்தில் அவரே அணைத்துவிடுகிறார்.

அக்டோபர் 31, வெள்ளி

ஆஸ்பத்திரி. 51.3. டாக்டர் தாளைப் புரட்டினார். "டியூப் இப்ப வேண்டாம். என்னம்மா பண்ணீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"புது டிவி வாங்கினோம் டாக்டர்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

நவம்பர் 1, சனி

மழை. குளிர் கூடிவிட்டது. துண்டு மறுபடி நழுவியிருந்தது. அப்பாவின் வலது கை ஐஸ் மாதிரி. துவைத்துக் காயப்போட்டிருந்த கையுறைகளில் ஒன்றை எடுத்து அந்தக் கையில் மாட்டினேன். விரல் விரலாக. கச்சிதமாக இருந்தது. அதற்காகவே தைத்ததுதானே. மணிக்கட்டுப் பட்டையை அப்பா இடது கையால் தாமே இழுத்து ஒட்டிக்கொண்டார்.

"அப்பா, நாளைக்கு நான் கிளம்பட்டுமா?"

"சரி."

இந்த முறை இரண்டாவது கேள்வியையும் கேட்டேன்.

"கூட ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டுமா?"

"சரி."

நான் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இடது கையைப் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் போர்வைமேல் கிடந்தது. பிறகு எழுந்து அலமாரியின் மேல்தட்டைக் காட்டியது. அங்கே என் பெட்டி இருந்தது. கை இறங்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். தூசி தட்டினேன். கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடிக்க உட்கார்ந்தேன்.